கொழும்பு விலை, கொஸ்லந்தைக் கூலி

ஊவா மலையோரத்துச் சாப்பாட்டுக் கடைகளை நெரிப்பது எது? அரசு எங்கே கைகொடுக்கலாம்?

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் ஏ4 வீதி பெரகலைச் சந்தியில் பிரிகிறது. இடப்புறம் திரும்பினால் ஹப்புத்தளை, பண்டாரவளை, கடைசியில் பதுளை. நேரே போனால் கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி, வெல்லவாய. இந்த வீதியோரம் நெடுக, ஹல்துமுல்லையிலிருந்து கொஸ்லந்தையையும் தாண்டி, சிறு சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, ரோல்ஸ், வாழைப்பழம்; உள்ளே ரொட்டிக் கல்லு; மத்தியானத்துக்குச் சோத்துப் பார்சல்; பொழுது சாய்ந்தால் கொத்துச் சத்தம். தோட்டத்துக்குள் ஏறினால் கடை இன்னும் சின்னதாகும். ஒரு வாங்கு, ஒரு மேசை, பிளேன் டீ, கட்டைச் சம்பலோடு கோதுமை ரொட்டி.

முதலாளி, தொழிலாளி என்ற பிரிவெல்லாம் இங்கே கிடையாது. புருசன் கல்லடியில் நிற்பார். மனைவி சம்பல் இடிப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கிளாஸ் கழுவும். யாருக்கும் சம்பளம் இல்லை. கணக்கில் வராத இந்த உழைப்பின் மேல்தான் ஊவாவின் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் நிற்கின்றன. நாட்டின் எந்தப் பொருளாதார அறிக்கையும் இவற்றைத் தனியாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடைக்காரரின் சிக்கல் இவ்வளவுதான். அவர் வாங்கும் எல்லாவற்றின் விலையும் கொழும்பில் தீர்மானமாகிறது. அவர் விற்கும் சாப்பாட்டின் விலையைத் தீர்மானிப்பதோ தேயிலை மலையின் நாட்கூலி. முன்னது ஓடிக்கொண்டே இருக்கிறது. பின்னது வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. அடுத்த உயர்வு 2024 செப்டெம்பரில்தான், 1,350 ரூபாவாக வந்தது. இடையில் 1,700 ரூபா என்று ஒரு வர்த்தமானி வெளியாகி, தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போய், உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்திய கதையும் நடந்தது. ஆக மூன்றரை வருடம் கூலி அசையவில்லை. அந்த மூன்றரை வருடத்துக்குள் லிட்ரோவின் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் என்ன ஆனது? 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்படும் முன் 1,493 ரூபா. நீக்கியதும் 2,700 ரூபாவை ஒட்டிப் பாய்ந்தது. 2022 ஏப்ரலில் 4,860. ஜூலையில் 4,910. ஒன்றரை நாள் கூலிக்கு வந்த சிலிண்டர் ஏறக்குறைய ஐந்து நாள் கூலியை விழுங்கியது. இதுவும் கொழும்பு விலைதான். மலையேறி வரும் லொறிக் கூலி சேர்ந்தால் பதுளையில் இன்னும் கூடும்.

அந்த ஜூலையில் விலையைப் பற்றிக் கவலைப்படும் வசதிகூடப் பலருக்கு இருக்கவில்லை. சிலிண்டரே கிடைக்காத நாட்கள் அவை. நகரத்துக் கடைகள் பூட்டின. தோட்டத்துக் கடைகள் மிலாறுக்கும் சவுக்கு விறகுக்கும் திரும்பின. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி அடுப்பெரித்துத்தான் பல இடங்களில் கடையைத் திறந்து வைத்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய இரட்டிப்புக் காசு.

அதன் பிறகு விலை இறங்கவில்லையா என்று கேட்டால், இறங்கியது. 2024 ஜூலையில் அதே சிலிண்டர் 3,690 ரூபாவுக்கு வந்தது. ஆனால் கடைக்காரருக்கு உயர்வை விடவும் ஆட்டம்தான் கொடுமை. மின்கட்டணத்தைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் 75 வீதம் ஏற்றம். 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். ஜூலையில் 14.2 வீதம் இறக்கம், ஒக்டோபரில் 18 வீதம் ஏற்றம். 2024 மார்ச்சிலும் ஜூலையிலும் இறக்கம், 2025 ஜனவரியில் 20 வீத இறக்கம், ஜூனில் 15 வீத ஏற்றம். மூன்று ஆண்டுகளுக்குள் எட்டுத் தடவை. குளிர்பெட்டி வாங்கலாமா, அரைக்கும் இயந்திரம் போடலாமா என்று யோசிக்கிற ஒருவர் எந்தக் கணக்கை நம்பிக் கடன் எடுப்பார்?

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கொழும்பில் சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் சங்கம் ஓர் அறிவிப்பு விடும். கொத்து பத்து ரூபா கூட, பார்சல் பத்து ரூபா குறைவு, பால் தேநீர் இவ்வளவு. அதைத் தொலைக்காட்சி மாலைச் செய்தியில் சொல்லும். பதுளை பஸ் நிலையத்துக் கடை அந்த அறிவிப்பை ஓரளவு பின்பற்றும். பூணாகலைத் தோட்டத்துக் கடை பின்பற்ற முடியாது. ஏற்றம் அறிவித்த நாளில் விலையைக் கூட்டினால் ஆள் வராது. இறக்கம் அறிவித்த நாளில் குறைக்காவிட்டால் திட்டு விழும். இரண்டு பக்கமும் இடி.

தோட்டத்துக் கடையின் உண்மையான பேரேடு காசுப் பெட்டி அல்ல, கொப்பி. பெரும்பாலான தோட்டங்களில் சம்பளம் மாதம் பத்தாம் திகதியை ஒட்டி. அதுவரைக்கும் காலைத் தேத்தண்ணி, பிள்ளைக்குப் பணிஸ், விருந்தாள் வந்தால் வடை எல்லாம் கொப்பியில் ஏறும். சம்பளத்தன்று தீரும், அல்லது பாதி தீரும். மழையில் வேலை நின்றாலோ, கொழுந்து குறைந்து அரைநாள் கூலியான ‘அரைப்பேர்’ விழுந்தாலோ, பாக்கி அடுத்த மாதத்துக்குத் தாவும். கடைக்காரரோ மாவும் சீனியும் காசு கொடுத்து எடுக்கிறார், அல்லது நகரத்து மொத்தக் கடையில் தானும் கொப்பி வைத்திருக்கிறார். தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்கே வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் வங்கி இது. அந்த வங்கிக்குக் கடன் கொடுக்கத்தான் யாரும் இல்லை. 2019 வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 வீதமாக இருந்தபோது தோட்டத்துறையில் அது 33.8 வீதம். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய எண் அது. வாடிக்கையாளரில் மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் ஊரில் ரொட்டிக்கு எவ்வளவு விலை வைப்பது?

நெருக்கடி ஓய்ந்தது என்று சொல்லப்பட்ட பிறகும் சமையலறைக்குள் அமைதி வரவில்லை. 2024 கடைசியில் அரிசித் தட்டுப்பாடு. டிசெம்பரில் அரசு உச்ச சில்லறை விலை போட்டது: நாடு 230, சம்பா 240, கீரி சம்பா 260. வர்த்தமானியில் விலை இருந்தது, கடையில் அரிசி இருக்கவில்லை. பிறகு தேங்காய். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டது. சம்பல் இல்லாமல் ரொட்டி விற்க முடியாது, தேங்காய்க்குப் பதில் வேறெதையும் இடிக்கவும் முடியாது. பழி குரங்குகள் மேல் விழுந்தது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுக்கப் பயிர் தின்னும் விலங்குகளை எண்ணிப் பார்த்தார்கள். அவ்வளவு அக்கறையாக யாராவது ரொட்டிக் கடைகளையும் ஒரு தடவை எண்ணியிருக்கலாம். தேங்காய்த் தட்டுப்பாடு முடிவதற்குள் உப்புக்கும் தட்டுப்பாடு வந்தது. சுற்றிலும் கடல் உள்ள நாட்டில்.

ஆட்பற்றாக்குறை இன்னொரு முனை. கொத்துப் போடத் தெரிந்த பையன் ஊவாவில் நிற்பதில்லை. முன்பு கொழும்புக்குப் போனான், இப்போது வளைகுடாவுக்குப் போகிறான். 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். இருப்பவரை நிறுத்திவைக்க நியாயமான சம்பளம் வேண்டும். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் சட்டப்படி உயர்ந்தது. உயர்ந்தது சரியே. கடையில் நிற்பவனும் மனுசன்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 30,000 ரூபாவோடு முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதியம் 3 வீதம் சேர்ந்தால் 34,500. மாதம் 25 நாளென்றால் நாளுக்கு 1,380 ரூபா. சாப்பாடு வேறு. பிளேன் டீ 50 ரூபா என்று வைத்துக்கொண்டால், சீனி, தேயிலைத்தூள், விறகு எதையும் கழிக்காமலே முதல் 28 கிளாஸ் அந்த ஒருவரின் சம்பளத்துக்கே போய்விடும். அதனால்தான் பல கடைகளில் ஆள் வைப்பதில்லை. அந்த இடத்தை மனைவியும் பிள்ளையும் நிரப்புகிறார்கள்.

இனி வரி. சிறு கடைக்கு வற் வரி கிடையாதே என்று அதிகாரிகள் சொல்வார்கள். பாதி உண்மை. ஆண்டு விற்பனை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பதிவு. 2024 ஜனவரியில் அந்த வரம்பு எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடிக்கு இறங்கியது. வரி வீதம் 15இலிருந்து 18 ஆனது. அதே நாளில் அதுவரை விலக்கு இருந்த சமையல் எரிவாயுவும் வரிக்குள் வந்தது. பதிவில்லாத கடை வாடிக்கையாளரிடம் வற் வாங்காது. ஆனால் சிலிண்டரில் கட்டிவிடும். 2024 ஜூலையின் 3,690 ரூபாச் சிலிண்டரில் சுமார் 560 ரூபா வற் மட்டும். பதிவு செய்த பெரிய ஹோட்டல் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும். லயத்துக் கடைக்கு அந்தக் கழிவு இல்லை. ஒரே சிலிண்டர், சின்னவனுக்குத்தான் அதிக விலை.

மறு முனையில் நிற்பவை பெரகலை, பண்டாரவளை போன்ற சந்திகளில் பஸ் நிற்கும் ஓரளவு பெரிய கடைகள். 2026 வரவு செலவுத் திட்டம் வற் வரம்பை ஆண்டுக்கு மூன்று கோடியே அறுபது லட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. நாளுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த விற்பனை. லாபம் அல்ல, கல்லாவில் விழும் மொத்தம். இரவு பகல் திறந்திருக்கும் வீதியோரக் கடைக்கு இது பெரிய தொகை இல்லை. உள்ளே வந்தால் 18 வீதம். அதோடு சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி 2.5 வீதம். அரிசிக்கும் மரக்கறிக்கும் வற் இல்லாததால், கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரியும் பெரிதாக இருக்காது. முழுச் சுமையும் சோற்றுத் தட்டின் மேல் இறங்கும். அல்லது கடைக்காரர் இரண்டாவது பில் புத்தகம் அச்சடிப்பார். இரண்டாவதுதான் நடக்கும் என்பது வரித் திணைக்களத்துக்கும் தெரியும்.

இந்தியா இதைக் கண்டு ஒரு வழி எடுத்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது உணவகங்களுக்கு 12 வீதம், குளிரூட்டிய இடமானால் 18 வீதம். எதிர்ப்பு கிளம்பியதும் அதே நவம்பரில் பெரும்பாலான உணவகங்களுக்கு 5 வீதமாக்கி, உள்ளீட்டுக் கழிவை எடுத்துவிட்டார்கள். சிக்கல் முழுக்கத் தீரவில்லை. பன்னுக்கு வரி இல்லை, பன்னுக்குள் க்ரீம் வைத்தால் வரி என்று கோயம்புத்தூர் அன்னபூர்ணா உரிமையாளர் 2024 செப்டெம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னால் சொன்னது ஊர் முழுக்கச் சிரிப்பாகவும் பிறகு சர்ச்சையாகவும் ஆனது. ஆனாலும் தட்டையான குறைந்த வீதம், குறைந்த எழுத்து வேலை என்ற அடிப்படை சரி. ஜெர்மனி உணவகச் சாப்பாட்டுக்கான வரியை 19இலிருந்து 7 வீதமாகக் குறைத்து, 2024இல் திரும்ப ஏற்றி, 2026 ஜனவரி முதல் மறுபடியும் 7க்கே வந்திருக்கிறது. பணக்கார நாடே தடுமாறும் இடம் இது.

மின்சாரத்திலும் ஒரு பாகுபாடு சத்தமில்லாமல் நடக்கிறது. கட்டணப் பட்டியலில் ஹோட்டல்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு, அலகு விலையும் அதில் குறைவு. ஆனால் அது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அங்கீகரித்த இடங்களுக்கு. எல்லயில் டொலருக்கு அறை விடும் விடுதி அதற்குள் வரலாம். தோட்டத் தொழிலாளிக்கு ரொட்டி விற்கும் கடை ‘பொதுத் தேவை’ப் பிரிவில் கூடிய விலை கட்டும். 2025இல் நாட்டுக்கு 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டார் வந்தார்கள். எல்லயும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் அவர்கள் படத்தில் கட்டாயம் இருக்கும். அந்தக் காசு பதுளை வரைக்கும்கூடச் சரியாக வழிவதில்லை, பசறைக்கும் லுணுகலைக்கும் கேட்கவே வேண்டாம். சுற்றுலாவுக்குச் சலுகை கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. அதே சலுகைக்கு உள்ளூர்ச் சோறு ஏன் தகுதியில்லை என்பதே கேள்வி.

கடன் கேட்டுப் போனால் வங்கி முதலில் கேட்பது காணி உறுதி. தோட்டக் காணி அரசுடையது, தொண்ணூறுகளிலிருந்து கம்பனிகளின் குத்தகையில். லயத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் உறுதி எங்கே? கடை நிற்கும் துண்டும் வாய்ச்சொல்லில் கிடைத்தது. எனவே நுண்கடன் கம்பனியும் வட்டிக்காரரும் வாசலுக்கு வருகிறார்கள். பிணை இல்லாத சிறு தொழிலுக்கு உத்தரவாதம் கொடுக்கத்தான் தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் உருவாக்கப்பட்டது. அதன் முதல் பயனாளிகளில் மலையகத்துச் சாப்பாட்டுக் கடை இருக்க வேண்டும். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், சுகாதாரப் பரிசோதகரின் சான்று, மின்கட்டணப் பற்றுச்சீட்டு இவற்றையே ஆதாரமாக ஏற்றால் போதும். கடை இருக்கிறது, நடக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மண் சரியும் ஊரில் இந்தக் கேள்வி வெறும் காகித வேலை அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்த டிவிசனில் மலை இறங்கியது. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடம் முன்னரே எச்சரித்திருந்தது. தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இரண்டு வருடம். ஒரு டிவிசன் இடம்பெயர்ந்தால் அதை நம்பிய கடையின் வாடிக்கையும் இடம்பெயரும். கொப்பியில் இருக்கும் பாக்கியை எந்த நட்டஈட்டுப் படிவமும் கேட்பதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டில் 600 பேருக்கு மேல் பலிகொண்டபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. வீதிகள் அறுந்தன, மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. லொறி வராத நாளில் மா வராது. பஸ் வராத நாளில் வீதியோரக் கடைக்கு ஆளும் வராது. பதிவும் உறுதியும் இல்லாத கடை நிவாரணப் பட்டியலின் விளிம்பில்தான் நிற்கும்.

அரசு தோட்டத்துச் சமையலறையை முழுக்க மறந்ததும் இல்லை. 2022 ஜனவரியில் அறிவித்த நிவாரணப் பொதியில் தோட்டக் குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாவுக்கு என்று ஒரு வரி இருந்தது. குடும்பம் கண்ணில் பட்டது, ஹோட்டல் கண்ணில் பட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கடை படவில்லை.

இதற்கு மருந்து சிங்கப்பூரில் மட்டும் இல்லை, பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர் எழுபதுகளில் தெருக்கடைக்காரர்களை அரசு கட்டிய உணவங்காடிகளுக்கு மாற்றி, குடிநீர், வடிகால், கட்டுப்படியான வாடகை கொடுத்தது. 2020இல் அந்தப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம் நாட்டிலேயே விவசாயத் திணைக்களம் பெண்களுக்கு இடம் கொடுத்து ‘ஹெல போஜுன்’ உணவகங்களை நடத்துகிறது. வடக்கில் மாகாண விவசாய அமைச்சு ‘அம்மாச்சி’ உணவகங்களைத் தொடங்கியது. கட்டடம் அரசினுடையது, அடுப்பும் உழைப்பும் வருமானமும் பெண்களுடையது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அங்கே சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தோசையும் இலைக்கஞ்சியும் மலிவாகவும் சுத்தமாகவும் இருக்கும். மலையகப் பெண்ணின் ரொட்டிக்கும் சம்பலுக்கும் அப்படி ஒரு கூரை பெரகலையில், பசறையில், பதுளை பஸ் நிலையத்தில் ஏன் இல்லை? காய்கறி வெலிமடையிலும் கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்திலும் குவிகிறது. இடம் ஒன்றுதான் குறை.

ஒரு கவனம் வேண்டும். அரசு கூரை போட்டால் பக்கத்துக் கடை படுத்துவிடக் கூடாது. அங்கே நிற்கப்போவது ஏற்கெனவே வீதியோரத்தில் விற்பவர்களாக இருக்க வேண்டும், கட்சிக்காரரின் உறவினராக அல்ல.

செய்ய வேண்டியவற்றில் பாதிக்குப் புதுச் சட்டமே தேவையில்லை. மின்கட்டணத்தில் சிறு உணவகத்துக்கு ஒரு பிரிவு சேர்ப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அடுத்த கட்டணத் திருத்தத்திலேயே முடியும். சமையல் எரிவாயுவை மறுபடி வற் விலக்குக்குள் கொண்டுவருவது, அல்லது அனுமதிப்பத்திரம் உள்ள சிறு கடைக்கு சிலிண்டரில் கட்டிய வற்றைத் திருப்பிக் கொடுப்பது நிதியமைச்சின் கையில் இருக்கிறது. வற் வரம்பைக் குறைப்பதானால் சாப்பாட்டுக்கு ஒரு குறைந்த வீதம் கூடவே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கூலி. 2026 வரவு செலவுத் திட்டம் தோட்ட நாட்சம்பளத்தை 1,550 ரூபாவாக்கி, வரவுக்கு 200 ரூபா சேர்த்து 1,750 என்றது. அந்தக் காசு முழுதாகக் கைக்கு வருகிற மாதத்தில் கொப்பிப் பாக்கி குறையும். சாப்பாட்டுக் கடைக்கு அதைவிடப் பெரிய உதவித் திட்டம் எதுவும் இல்லை.

அப்படி ஓர் உணவங்காடி அமைப்பது, வடக்கில் போல, மாகாண சபை செய்யக்கூடிய வேலை. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி, மீரியபெத்தயில் மண் சரிவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் முன்னால். அந்தச் சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை.